வல்லரசுகளின் போட்டியும் ஆப்பிரிக்க இருப்புப் பாதைகளும்

கிழக்கு ஆப்பிரிக்க மக்கள் பேசும் சுவாஹிலி மொழியில் ஒரு பழமொழி உண்டு. யானைகள் பொருதும்போது துன்புறுவது புல்லே என்பது அதன் பொருள். நம் தமிழிலோ, ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பர். இரண்டும் பெரியோர் தம்முள் மோதிக்கொள்வதைப் பற்றியவையே. ஆயினும் ஒன்று, அம்மோதலால் எளியவனுக்குக் கேடு என்கிறது. மற்றொன்று, சாமர்த்தியமுள்ள எளியவனுக்கு அதிலே ஆதாயமும் உண்டு என்கிறது. வல்லரசுகள் ஒன்றோடொன்று போட்டியிடும் காலத்தில், வளர்ந்து வரும் ஓர் அரசு ஏழை நாடுகளோடு கொள்ளும் உறவு எவ்வாறு உருப்பெறுகிறது? அவ்வுறவிலே இவ்விரு பழமொழிகளில் எது பலிக்கிறது? இவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இதனைப் பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட, ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்துப் பேசுவது தெளிவு தரும். ஆப்பிரிக்கக் கண்டத்தில் சீன தேசம் கொண்ட உறவே அவ்வெடுத்துக்காட்டு. அதிலும் இரண்டு இருப்புப் பாதைகளின் கதையைச் சொன்னால் ஏறக்குறைய முழுக் கதையையும் சொன்னதாகும். ஒரு பாதை கண்டத்தின் கிழக்குக் கரைக்குச் செல்வது. மற்றது மேற்குக் கரைக்குச் செல்வது. இரண்டுமே நடு ஆப்பிரிக்காவின் செம்புச் சுரங்கங்களை நோக்கியவை.

ஆப்பிரிக்காவில் இருப்புப் பாதையும் வல்லரசுப் போட்டியும் ஒன்றாகப் பிறந்தவை என்றே கூறலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அரசுகள் அக்கண்டத்தைப் பங்கிட்டுக்கொண்டன. நைல் நதியின் தலைப்பகுதி வேறோர் ஐரோப்பிய அரசின் கையில் சிக்கிவிடுமோ என்று பிரிட்டன் அஞ்சியது. அவ்வச்சத்தின் விளைவாக 1896 முதல் 1901 வரை மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை இருப்புப் பாதை இடப்பட்டது. அதற்கென இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஏறத்தாழ 32,000 தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். அதற்குத் தெற்கே ஜெர்மானியர் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து டாங்கனிக்கா ஏரி வரை தமது பாதையை 1905க்கும் 1914க்கும் இடையே இட்டனர். இப்பாதைகள் ஊரையும் ஊரையும் இணைப்பதற்காக அமைந்தவை அல்ல. உள்நாட்டுச் செல்வத்தைக் கப்பலுக்குக் கொண்டு சேர்ப்பதற்காகவும், எதிரி அரசை முந்துவதற்காகவும் அமைந்தவை. இந்த அடிப்படையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர் வருவன எளிதில் விளங்கும்.

இனிச் சீனாவின் கதைக்கு வருவோம். 1949இல் மக்கள் சீனக் குடியரசு நிறுவப்பட்டபோது உலகின் பல அரசுகள் அதனை ஏற்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபையில் சீனாவின் ஆசனம் தைவானில் தங்கிய அரசின் வசமே இருந்தது. 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய மாநாட்டில் நேரு, நாசர், சூ என்லாய் ஆகியோர் ஒருங்கே அமர்ந்தனர். ஆப்பிரிக்காவுக்குச் சீனா நுழைந்த வாயில் அதுவே. அடுத்த ஆண்டிலேயே எகிப்து சீன மக்கள் அரசை அங்கீகரித்தது. ஆப்பிரிக்க நாடுகளில் அவ்வாறு முதலில் செய்தது எகிப்தே.

அக்காலத்தில் அமெரிக்காவே சீனாவின் பெரும் எதிரி. ஆனால் சில ஆண்டுகளில் நிலைமை மேலும் சிக்கலாயிற்று. சோஷலிசத்தில் அண்ணனாக இருந்த சோவியத் யூனியனோடும் சீனாவுக்குப் பிணக்கு முற்றியது. 1960இல் சோவியத் அரசு சீனாவிலிருந்த தன் நிபுணர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பாதி எழும்பிய ஆலைகள் பல அப்படியே நின்றன. உதவி என்பது எத்துணை விரைவில் ஆயுதமாக மாறக்கூடும் என்பதைச் சீனா தன் அனுபவத்தாலேயே அறிந்த தருணம் அது.

1963 டிசம்பர் முதல் 1964 பிப்ரவரி வரை சூ என்லாய் பத்து ஆப்பிரிக்க நாடுகளைச் சுற்றி வந்தார். அப்பயணத்தின்போது பிறநாடுகளுக்கு உதவுவதில் சீனா கைக்கொள்ளும் எட்டு நெறிகளை வெளியிட்டார். உதவி என்பது பிச்சையன்று, இரு தரப்புக்கும் நன்மை தருவது. அதன் பெயரால் நிபந்தனையோ தனிச்சலுகையோ கேட்கலாகாது. கடனுக்கு வட்டி கூடாது, அல்லது குறைந்த வட்டியே வேண்டும். சீன நிபுணர் உள்ளூர் நிபுணரைவிட உயர்ந்த வசதிகளை நாடலாகாது என்பன அவற்றுட் சில. இந்நெறிகளைக் கூர்ந்து நோக்குவோர், ஒவ்வொன்றின் பின்னும் மறைமுகமாக ஓர் எதிரி சுட்டப்படுவதைக் காண்பர். நிபந்தனை விதிப்பவர் மேலைநாட்டார். நிபுணர்களுக்குத் தனி வசதி கேட்பவரும், இடையிலே கைவிட்டுச் செல்பவரும் சோவியத்தார். "நாங்கள் அவர்களைப் போன்றவர் அல்லர்" என்பதே எட்டு நெறிகளின் உட்பொருள்.

அரசுகளின் கூட்டறிக்கைகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் பணியில் இருப்போர் இதனை நன்கு அறிவர். உதவி, கடன், ஒத்துழைப்பு, பங்காளித்துவம் என்னும் சொற்கள் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து அமரும். சொல் மாறும்போதெல்லாம் யாருடைய பெயரைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று நோக்கினால் பொருள் தானே வெளிப்படும்.

இப்போட்டியில் இந்தியாவும் ஒரு தரப்பாக இருந்தது. 1962ஆம் ஆண்டு எல்லைப் போருக்குப் பின்னர் இந்தியாவும் சீனாவும் ஆப்பிரிக்க நாடுகளின் ஆதரவை எதிரெதிரே நின்று நாடின. இரண்டாம் ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டை 1965இல் அல்ஜியர்ஸ் நகரில் கூட்டுவதென ஏற்பாடாயிற்று. அதற்குச் சோவியத் யூனியனையும் அழைக்க வேண்டுமென்றது இந்தியா, கூடாதென்றது சீனா. அல்ஜீரியாவில் ஏற்பட்ட ஆட்சிக் கவிழ்ப்பும் சேர்ந்துகொள்ள, அம்மாநாடு கூடாமலே போயிற்று. யானைகளின் சண்டையில் புல் மிதிபட்டதற்கு அதுவும் ஒரு சான்று.

எனினும், அதே போட்டி வேறோர் இடத்தில் ஒரு நாட்டுக்கு வாழ்வளித்தது. அந்நாடு ஜாம்பியா. 1964 அக்டோபர் 24ஆம் நாள் விடுதலை பெற்ற அந்நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செம்பினாலேயே வந்தது. அந்தச் செம்போ, தெற்கே வெள்ளையர் ஆட்சியில் இருந்த ரொடீஷியாவின் வழியாகவும், போர்ச்சுக்கலின் பிடியில் இருந்த மொசாம்பிக்கின் துறைமுகம் வழியாகவும் கடலைச் சென்றடைய வேண்டியிருந்தது. 1965 நவம்பர் 11ஆம் நாள் ரொடீஷியாவின் வெள்ளைச் சிறுபான்மையர் தாமே சுதந்திரப் பிரகடனம் செய்துகொண்டனர். அன்றே ஜாம்பியாவின் கழுத்து எதிரியின் கையில் சிக்கியது எனலாம். அந்த ஆட்சியை எதிர்த்தால் செம்பு நின்றுபோகும். எதிர்க்காவிட்டால் மானம் போகும்.

இதற்கு ஒரே வழி, வடகிழக்கே தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் புதிய பாதை அமைப்பது. உலக வங்கி அத்திட்டத்தை ஆராய்ந்து, வருவாய்க்கு ஒவ்வாதது, சாலையே போதும் என்று கூறிவிட்டது. பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து நடத்திய ஆய்வு, பாதை அமைப்பது சாத்தியம் என்று கண்டது. ஆனால் பணம் தர எவரும் முன்வரவில்லை. கணக்கின்படி அவர்கள் கூறியதில் தவறு காண்பது அரிது. ஏற்கெனவே ஒரு பாதை இருக்கையில் இரண்டாம் பாதை எதற்கு என்று கணக்கன் கேட்பான். முதற்பாதை பகைவனின் வீட்டு முற்றத்தின் வழியே செல்கிறது என்பது கணக்கேட்டில் ஏறாத செய்தி.

அந்தச் செய்தியைக் கணக்கில் கொண்ட நாடு சீனா. தான்சானியத் தலைவர் ஜூலியஸ் நைரேரே 1965இல் சீனா சென்றார். ஜாம்பியத் தலைவர் கென்னத் கவுண்டா 1967இல் சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் பீஜிங்கில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 98.8 கோடி யுவான், அதாவது ஏறத்தாழ 40 கோடி டாலர், வட்டியின்றி. திருப்பிச் செலுத்தத் தவணை 30 ஆண்டுகள். அன்றைய சீனா, தலைக்குரிய வருமானத்தில் ஜாம்பியாவைவிட ஏழை நாடு என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். தன்னினும் செல்வமுள்ளவனுக்கு ஏழை ஒருவன் வட்டியின்றிக் கடன் கொடுப்பது ஏன்? வெறும் பரிவு மட்டுமே காரணம் என்று கொள்வது பேதைமை. வெறும் சூழ்ச்சி என்று கொள்வதும் நேர்மையன்று. மேலைநாட்டார் மறுத்ததைத் தான் செய்து காட்டலாம். சோவியத்தாரைவிடத் தானே ஏழை நாடுகளின் உண்மைத் தோழன் என்று நிறுவலாம். ஐக்கிய நாடுகள் சபையில் ஆதரவு திரட்டலாம். இம்மூன்றும் ஒருங்கே கூடின.

பணி 1970 அக்டோபரில் தொடங்கிற்று. தார் எஸ் சலாம் முதல் ஜாம்பியாவின் கப்பிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர். மலைகளையும் சதுப்பு நிலங்களையும் கடந்து 300க்கும் மேற்பட்ட பாலங்களும், இருபதுக்கும் மேற்பட்ட சுரங்க வழிகளும் அமைக்கப்பட்டன. பல்லாயிரம் ஆப்பிரிக்கத் தொழிலாளரும் பல்லாயிரம் சீனத் தொழிலாளரும் அருகருகே உழைத்தனர். அறுபதுக்கும் மேற்பட்ட சீனர் அங்கேயே உயிர் நீத்தனர். தார் எஸ் சலாமுக்கு வெளியே அவர்களுடைய கல்லறைகளை இன்றும் காணலாம். குறித்த காலத்துக்கு முன்னரே, 1975இல், தண்டவாளம் முழுதும் இடப்பட்டது; 1976 ஜூலையில் பாதை இரு நாடுகளிடமும் ஒப்படைக்கப்பட்டது.

கூத்தாடியின் கொண்டாட்டத்தை இங்கேதான் காண்கிறோம். சீனர் பாதை இடுகிறார்கள் என்றறிந்ததும், அமெரிக்கா அதே திசையிலே தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியா செல்லும் நெடுஞ்சாலையைச் செப்பனிடப் பணம் கொடுத்தது. இவ்வாறு ஓரிரு ஆண்டு இடைவெளியில் ஜாம்பியாவுக்கு ஒரு சாலையும் ஓர் இருப்புப் பாதையும் கிடைத்தன. சீனாவிடம் கடன் பெற்ற அதே தான்சானியா, ஸ்வீடன் முதலிய வட ஐரோப்பிய நாடுகளிடமிருந்தும் உலக வங்கியிடமிருந்தும் தொடர்ந்து உதவி பெற்று வந்தது. நைரேரே எவருடைய கொடியின் கீழும் ஒதுங்கவில்லை. சான்சிபாரில் கிழக்கு ஜெர்மனியின் பிரதிநிதி இருந்தது பற்றி 1965இல் மேற்கு ஜெர்மனி படை உதவியை நிறுத்தியபோது, எஞ்சிய அரசு உதவியும் வேண்டாம் என்று மறுத்தவர் அவர். ஏழை நாடு பேரம் பேச வேண்டுமாயின் வேண்டாம் என்று சொல்லவும் துணிவு வேண்டும் என்பது அதனால் விளங்கும்.

சீனாவுக்கும் பலன் கிடைத்தது. 1971 அக்டோபர் 25ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபையில் சீனாவின் ஆசனம் பற்றிய வாக்கெடுப்பு நடந்தபோது 76 நாடுகள் மக்கள் சீனத்தை ஆதரித்தன. 35 நாடுகள் எதிர்த்தன. ஆதரித்தவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆப்பிரிக்க நாடுகள்.

ஆனால் போட்டி என்னும் வாள் இருபுறமும் கூரானது. நான்கே ஆண்டுகளில் அங்கோலாவில் அதன் மறுபுறம் தெரிந்தது. 1975இல் போர்ச்சுக்கல் அந்நாட்டை விட்டு வெளியேறும் வேளையில் மூன்று விடுதலை இயக்கங்கள் ஒன்றோடொன்று போரிட்டன. சோவியத் யூனியனும் கியூபாவும் ஓர் இயக்கத்தை ஆதரித்தன. சோவியத்தாருக்கு எதிரானவர் எவராயினும் நண்பரே என்று கருதிய சீனா, மற்ற இயக்கங்களுக்குத் துணை நின்றது. அதே இயக்கங்களுக்கே அமெரிக்காவும் உதவிற்று. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவும் படை அனுப்பிற்று. ஆப்பிரிக்கரின் தோழன் எனப் பெயரெடுத்த சீனா, நிறவெறியாளர் நின்ற அதே பக்கத்தில் தானும் நிற்பதைக் கண்டு, பயிற்சியாளர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. அங்கோலாவோடு சீனா தூதுறவு கொண்டது 1983இல்தான். அங்கோலா மக்களுக்கோ, அப்போர் 2002 வரை ஓயவில்லை. புல் மிதிபட்டது, யானைகள் வேறு காட்டுக்குச் சென்றுவிட்டன.

இருப்புப் பாதையின் பிற்கால வரலாறும் சிந்தனைக்குரியது. ஆண்டுக்கு 20 லட்சம் டன் சரக்கு ஏற்ற அமைத்த அப்பாதை, அந்த அளவை ஒருபோதும் எட்டவில்லை. எஞ்சின் பழுது, உதிரிப் பாகங்களின் பற்றாக்குறை, துறைமுக நெரிசல், இரு நாட்டு நிர்வாகத்தின் தளர்ச்சி ஆகியன ஒருபுறம். 1980இல் ரொடீஷியா ஜிம்பாப்வேயாக விடுதலை பெற்றதும் தெற்கு வழி மீண்டும் திறந்தது மறுபுறம். 2014-15ஆம் ஆண்டில் அது சுமந்த சரக்கு ஒரு லட்சம் டன்னுக்கும் குறைவு. சீனாவின் கவனமும் மாறியிருந்தது. 1978க்குப் பின்னர் அந்நாடு தன் பொருளாதாரத்தைத் திருத்துவதில் முனைந்தது; சோவியத்தாரோடு பகைமையும் மெல்லத் தணிந்தது. போட்டி தணிந்தபோது கைத்தாராளமும் தணிந்தது. போட்டியினால் வரும் கொடை, பாதையை இடும், பாதையைப் பேணாது. பேணுவது உரியவனின் கடமை. இது முதற்பாடம்.

1989இல் பீஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதை அடுத்து மேலைநாடுகள் சீனாவைத் தள்ளி வைத்தன. உடனே சீனாவுக்கு ஆப்பிரிக்க நண்பர்களின் நினைவு மீண்டும் வந்தது. 1991 முதல் ஆண்டுதோறும் சீன வெளிநாட்டு மந்திரி தம் முதற்பயணத்தை ஆப்பிரிக்காவுக்கே மேற்கொள்ளும் மரபு தோன்றிற்று. அவ்வேளையில் தைவானும் பணத்தைக் காட்டி ஆதரவு தேடியதால், செனகல் முதலிய சில நாடுகள் இரு தரப்புக்கும் இடையே மாறி மாறி நின்று பயன் பெற்றன. இன்று ஆப்பிரிக்காவில் தைவானை அங்கீகரிக்கும் நாடு எஸ்வாட்டினி ஒன்றே. 2025இல் சீனா ஆப்பிரிக்கப் பொருள்களுக்குச் சுங்க வரியை நீக்கப்போவதாக அறிவித்தபோது, 53 நாடுகளுக்கு அச்சலுகை கூறப்பட்டது. எஸ்வாட்டினிக்கு மட்டும் இல்லை. வாணிகச் சலுகையின் எல்லைக்கோட்டை வகுத்தது வாணிகம் அன்று, தைவான் வழக்கு என்பது கண்கூடு.

எல்லாவற்றுக்கும் வல்லரசுப் போட்டியே காரணம் என்று கூறிவிடவும் இயலாது. 1993 முதல் சீனா தன் தேவைக்கு எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. ஆலைகளுக்குச் செம்பும் கோபால்ட்டும் வேண்டும்; ஆலைப் பொருள்களுக்குச் சந்தையும் வேண்டும். 2000ஆம் ஆண்டில் சீன-ஆப்பிரிக்க ஒத்துழைப்பு மன்றம் நிறுவப்பட்டது. 2004இல், சர்வதேச நிதி நிறுவனத்தோடு நெடுநாள் பேசிச் சலித்த அங்கோலா, எண்ணெயை ஈடாகக் காட்டிச் சீன வங்கியிடம் 200 கோடி டாலர் கடன் பெற்றது. அன்று பகையாகிய நாடே இன்று பெருங்கடனாளி ஆயிற்று. 2009 முதல் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய வாணிகக் கூட்டாளி சீனாவே. 2024இல் இரு தரப்பு வாணிகம் 29,000 கோடி டாலரைக் கடந்தது; அதில் ஆப்பிரிக்காவுக்கு நேர்ந்த பற்றாக்குறை ஏறத்தாழ 6,000 கோடி டாலர். கப்பலேறிச் செல்வன எண்ணெயும் தாதுவும். கப்பலிறங்கி வருவன இயந்திரமும் துணியும் கைப்பேசியும்.

இந்த இடைக்காலத்தில் மேலைநாடுகள் ஓரளவு அயர்ந்திருந்தன என்றே சொல்ல வேண்டும். 2016இல் காங்கோ நாட்டின் பெரிய செம்பு-கோபால்ட் சுரங்கம் ஒன்றில் தனக்கிருந்த பங்கை அமெரிக்க நிறுவனம் ஒன்று 265 கோடி டாலருக்குச் சீன நிறுவனத்துக்கு விற்றது. அப்போது வாஷிங்டனில் எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மின்சார மோட்டார் வண்டிகளின் காலம் வந்து, உலகக் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோவிலிருந்தே வருகிறது என்பதும், அதிற் பெரும்பகுதி சீனர் கையில் இருக்கிறது என்பதும் உறைத்தபோதே கவலை பிறந்தது.

இங்கே நம் இரண்டாவது இருப்புப் பாதை கதைக்குள் நுழைகிறது. அங்கோலாவின் லோபிட்டோத் துறைமுகத்திலிருந்து காங்கோ எல்லை வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் பெங்கேலா இருப்புப் பாதை, போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் பிரிட்டிஷ் மூலதனத்தால் அமைந்தது. உள்நாட்டுப் போரில் அது சிதைந்தது. 2006க்கும் 2014க்கும் இடையே சீன நிறுவனம் அதனைப் புதுப்பித்தது. ஆனால் 2022இல் அதனை 30 ஆண்டுகளுக்கு நடத்தும் உரிமையை அங்கோலா அரசு ஓர் ஐரோப்பியக் கூட்டு நிறுவனத்துக்கு அளித்தது. 2023 செப்டம்பரில், நம் டெல்லி மாநகரில் ஜி-20 மாநாடு கூடியபோது, அப்பாதையை ஜாம்பியா வரை நீட்டிக்கத் துணை நிற்பதாக அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் அறிவித்தன. 2024 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி பைடன் அங்கோலாவுக்கே சென்றார். பதவியில் இருக்கும் அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் அந்நாட்டில் அடி வைத்தது அதுவே முதன்முறை.

சீனா வாளாவிருக்கவில்லை. 2024 செப்டம்பரில் பீஜிங்கில் நடந்த மாநாட்டில், பழைய தான்சானிய-ஜாம்பியப் பாதையைப் புதுப்பிக்க இணக்கம் கையெழுத்தாயிற்று. 2025இல் அது ஒப்பந்தமாக முற்றியது. சீன நிறுவனம் ஏறத்தாழ 140 கோடி டாலர் செலவிட்டு, 30 ஆண்டுகள் பாதையை நடத்தும். அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பக்கம் சாலையும் மறுபக்கம் தண்டவாளமும் இட்டவர்கள், இன்று ஒரே செம்பை ஒருவர் மேற்கேயும் மற்றவர் கிழக்கேயும் இழுக்கிறார்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். அன்று வட்டியில்லாக் கடன். இன்று வருவாய் நோக்கிய முதலீடு. அன்று சீனா தன் பெயரை நிலைநாட்ட வந்தது. இன்று தன் ஆலைகளுக்குத் தாது தேடியும் வருகிறது.

ஜாம்பியாவுக்கு இது கொண்டாட்டமா? இரண்டு வழிகள் இருப்பது ஒரு வழியினும் நன்றே. ஆயினும் அந்நாடு பட்ட கடன் துன்பத்தையும் சொல்லாவிடில் கதை முழுமை பெறாது. 2020 நவம்பரில், 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைச் செலுத்த இயலாமல் ஜாம்பியா தவறியது. கடன் கொடுத்தவருள் சீன வங்கிகளும் உண்டு. மேலைநாட்டுப் பத்திரதாரரும் உண்டு. உலக வங்கி முதலியனவும் உண்டு. சீனா தாமதிக்கிறது என்றது அமெரிக்கா. உலக வங்கியும் நட்டத்தில் பங்கேற்க வேண்டுமென்றது சீனா. ஒருவர் தள்ளுபடி செய்தால் அப்பணம் மற்றவரின் பைக்குப் போய்விடுமோ என்று ஒவ்வொருவரும் அஞ்சினர். 630 கோடி டாலர் அரசுக் கடனைத் திருத்தியமைக்க இணக்கம் ஏற்பட்டது 2023 ஜூனில். அதில் சீனாவின் பங்கு மட்டும் 400 கோடிக்கு மேல். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போயிருக்க வேண்டிய பணம் நிச்சயமற்றுத் தொங்கிற்று. கடன் பெறும்போது போட்டி துணை செய்கிறது. கடன் தீர்க்கும்போது அதே போட்டி தடையாகிறது. இது இரண்டாம் பாடம்.

நம் நாட்டுக்கும் இதில் படிப்பினை உண்டு. இந்தியாவும் வளர்ந்து வரும் அரசே. 1964இல் தொடங்கிய தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின் வாயிலாக ஆப்பிரிக்க மாணவரும் அதிகாரிகளும் நெடுங்காலமாக இங்கே பயிற்சி பெற்று வருகின்றனர். 2008, 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் இந்திய-ஆப்பிரிக்க மாநாடுகள் நடந்தன. 2023இல் டெல்லி மாநாட்டில்தான் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி-20இல் உறுப்பினராயிற்று. அதே ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி. தன் கிளையைச் சான்சிபாரில் திறந்தது. தார் எஸ் சலாமுக்கு எதிரே உள்ள அத்தீவில் நம் கல்வி நிலையம் ஒன்று இயங்குவது நமக்குப் பெருமையே. ஆயினும் எச்சரிக்கையும் வேண்டும். 2007இல் இந்திய அரசின் ரைட்ஸ் நிறுவனம் தான்சானியாவின் மற்றோர் இருப்புப் பாதையை நடத்தும் பொறுப்பை ஏற்று, சில ஆண்டுகளிலேயே அவ்வேற்பாடு முறிந்தது. எதிரி அங்கே இருக்கிறான் என்பதற்காக நாமும் செல்வது போதாது. சென்ற இடத்தில் வேலை நிலைக்கவும் வேண்டும்.

மங்களூரிலோ கொல்லத்திலோ முந்திரி ஆலைகளின் அருகே வாழும் தமிழர்க்கு இவ்விஷயம் இன்னும் நெருக்கமாக விளங்கும். அவ்வாலைகளில் உடைபடும் முந்திரியிற் பெரும்பகுதி தான்சானியா, ஐவரி கோஸ்ட் முதலிய நாடுகளிலிருந்து கொட்டையாகவே கப்பலில் வருவது. தூத்துக்குடித் துறைமுகத்திலும் அதே மூட்டைகள் இறங்குகின்றன. கொட்டையை விளைவித்தவனுக்கு ஒரு விலை. உடைத்துத் தோல் நீக்கித் தரம் பிரித்தவனுக்கு வேறு விலை. இந்த இரண்டாம் விலையில் தமக்கும் பங்கு வேண்டும் என்று ஆப்பிரிக்க நாடுகள் கேட்கின்றன. அது நம் தொழிலாளரின் பிழைப்பைத் தொடும் கோரிக்கையாயினும் நியாயமற்றதன்று. செம்பிலும் கோபால்ட்டிலும் அவர்கள் சீனரிடமும் அமெரிக்கரிடமும் கேட்பது இதையேதான்.

ஆதலால், ஏதேனும் ஒரு வல்லரசோ, வளரும் அரசோ, நம் அரசேயோ, ஆப்பிரிக்க நாடொன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டது என்று செய்தி வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நலம். எதிரி அங்கே இல்லாதிருப்பின் இவ்வுதவி வந்திருக்குமா? எதிரி விலகிய பின்னும் இது நிலைக்குமா? பாதை எத்திசையில் செல்கிறது. துறைமுகத்துக்கு மட்டுமா, அல்லது வழியிலுள்ள ஊர்களுக்கும் ஆலைகளுக்குமா? முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் வல்லரசுகளின் தலைநகரங்களில் இருக்கும். மூன்றாவது கேள்விக்கு விடை எழுதும் உரிமை அந்தந்த நாட்டினிடமே இருக்கிறது. நைரேரேயும் கவுண்டாவும் பாதை எத்திசையில் செல்ல வேண்டுமென்பதைத் தாமே முடிவு செய்தனர். அதன் பின்னரே பணம் தேடிப் புறப்பட்டனர். இவ்வரிசை மாறாதிருக்கும் வரையில், யானைகள் பொருதும் காட்டிலும் எளியவர் தம் வழியைத் தாமே அமைத்துக்கொள்ள இயலும்.